ஒரே குளிசைக்கு இரண்டு பெயர்

சென்ற வாரம், எழுபது வயது தாண்டிய ஐயா ஒருவர் வியர்த்து, கை நடுங்கியபடி எங்கள் மருந்தகத்துக்கு வந்தார். அவருடைய பையில் கிளினிக்கில் கொடுத்த கடித உறைக்குள், நீரிழிவுக்காரருக்கு இரத்தத்தில் சீனியைக் குறைக்கும் கிளிக்லசைட் குளிசை இருந்தது. காசுக்கு வாங்கிய அட்டையிலும், வேறொரு வணிகப் பெயரில், அதே கிளிக்லசைட் இருந்தது. “ஆஸ்பத்திரிக் குளிசைக்கு வேகம் காணாது பிள்ளை, அதுதான் இதையும் சேர்த்துப் போடுறன்” என்றார். சீனி கரைத்துக் கொடுத்து, நடுக்கம் தணிந்ததும் வைத்தியசாலைக்கு அனுப்பினோம். இப்படி வருவோரை எண்ணுவதையே நான் விட்டுவிட்டேன்.

அட்டையின் நிறமும் பெயரும் விலையும் கம்பனிக்கு உரியவை. நோயைக் கட்டுப்படுத்துவது சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் பொதுப்பெயருக்குரிய மருந்து. வணிகப் பெயர் பத்து இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றேயானால், இரண்டை விழுங்குவது இரட்டை அளவு விழுங்குவதாகும். விலை கூடினால் வேகமும் கூடும் என்பது வெறும் நம்பிக்கை. அரச ஆஸ்பத்திரிகளுக்குத் தரமற்ற இம்யூனோகுளோபியுலின் ஊசிமருந்து வழங்கப்பட்டதாக 2023இல் வெளிவந்த விவகாரத்தைச் சுட்டி என்னை மடக்குவோர் உண்டு. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அதற்கு மருந்து கடுமையான ஆய்வுகூடப் பரிசோதனைதான், விலை கூடிய அட்டை எந்தத் தரத்துக்கும் சான்றாகாது.

இலங்கையின் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே பொதுப்பெயரில் மருந்து வாங்க வேண்டுமென வாதாடி, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகக் காரணமானவர். 1987இல் இரத்மலானையில் அரச உற்பத்திச்சாலையும் வந்தது. ஆயினும் குளிசை இங்கே அடிக்கப்பட்டாலும் மூலப்பொருளில் பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது. டொலர் வற்றிய 2022 மார்ச்சில், மருந்தில்லாமல் பேராதனை வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்த நேர்ந்ததை மறந்துவிட்டோமா? எந்த மருந்து எத்தனை வாரத்துக்குக் காணும் என்பது களஞ்சியத்தில் நிற்கும் மருந்தாளருக்கே முதலில் தெரியும். எனினும் தட்டுப்பாடு வந்த பின்னரே அவரைக் கூட்டத்துக்கு அழைக்கிறார்கள்.

சக மருந்தாளர்களே, இலாபம் கூடிய அட்டையை எடுத்து நீட்டிவிட்டு உள்ளூர் உற்பத்தியைப் பற்றி மேடையில் பேசாதீர்கள். நோயாளரிடம் பொதுப்பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள்; உறையில் தெளிவாக எழுதுங்கள்.

வாடிக்கையாளர்களே, வைத்தியரைக் கேளாமல் எந்தக் குளிசையையும் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். வீட்டு அலுமாரியில் கிடக்கும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். பத்து நிமிடம் போதும், ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பிரித்துத் தருகிறேன்.