ஃபார்மசிஸ்ட்: மருந்தாளுநர்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி பி.பார்ம் என்னும் பார்மசி பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறாள். "மெடிக்கல் ஷாப்புல மாத்திரை எடுத்துக் கொடுக்க நாலு வருஷமா படிக்கணும்?" என்று அவள் பெரியம்மா கேட்டார். 'ஃபார்மசிஸ்ட்' என்ற சொல்லின் வேரைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

'ஃபார்மசி' என்பதற்கு மூலம் 'பார்மகான்' என்னும் கிரேக்கச் சொல். மருந்து, நஞ்சு இரண்டுக்கும் அதுவே பெயர். வசியத்துக்கு வைப்பதையும் அப்படித்தான் சொன்னார்கள். நம் 'மருந்து' மட்டும் என்ன? காய்ச்சலுக்கும் மருந்து, எலிக்கும் மருந்து. 'யாரோ மருந்து வச்சுட்டாங்க' என்பதிலும் அதே சொல்தான். எங்கோ இருக்கும் இரண்டு மொழிகள் இப்படி ஒத்துப்போவது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

மூட்டுவாதத்துக்குத் தரும் மெதோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்துக்கு ஒருமுறைதான் விழுங்க வேண்டும். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. சீட்டில் அப்படி ஒரு தவறு வந்தால் கவுண்டரிலேயே பிடித்து நிறுத்த வேண்டியவர் ஃபார்மசிஸ்ட். டிப்ளமோவான டி.பார்ம் 2 வருடம், பட்டப்படிப்பான பி.பார்ம் 4, 'டாக்டர் ஆஃப் பார்மசி' எனப்படும் பார்ம்.டி 6. அப்புறம் 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டப்படி மாநில பார்மசி கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும்.

ராயபுரம் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் 'கம்பவுண்டர்' என்பார்கள். கலப்பவர் என்று பொருள். மிக்சர் கலந்து, பாட்டிலில் வேளைக்கு ஒரு குறி வெட்டிய காகிதப் பட்டையை ஒட்டிக் கொடுத்த காலத்துப் பெயர் அது.

குறள் 950 நோயாளி, மருத்துவர், மருந்து என்று சொல்லி, நான்காவதாக 'உழைச்செல்வான்' என்கிறது. அருகிருந்து பார்த்துக்கொள்பவர் என்று பலர் பொருள் சொல்வார்கள். பரிமேலழகரோ மருந்தைப் 'பிழையாமல் இயற்றுவான்' என்கிறார். எனக்கு அது நம் ஃபார்மசிஸ்டாகவே தெரிகிறது.

இன்றைய தமிழில் 'மருந்தாளுநர்'. அரசுப் பணி அறிவிப்புகளிலும் இதுதான் வரும். நல்ல சொல். 'ஆள்' என்றால் அரசாள்வது மட்டுமில்லை. கையாள்வது, சொல்லாட்சி என்பதில் வரும் ஆளுதலும் அதுதான். மருந்தைக் கையாளத் தெரிந்தவர். 'மருந்தாளுனர்' என்று எழுதுவது பிழை. ஓட்டுநர், பயிற்றுநர் போல 'நர்' விகுதிதான் வரும். அந்தப் பெண்ணின் நோட்டு அட்டையிலும் 'னர்' என்றே இருந்தது. பெரியம்மா பார்த்துக்கொண்டிருக்க, அவளே அதை அடித்துத் திருத்தினாள்.