மீன் இருப்பு: 'ஸ்டாக்' என்ற சொல்லும் அதன் தமிழும்

'ஃபிஷ் ஸ்டாக்' என்பதை அறிக்கைகளிலும் செய்திகளிலும் 'மீன் இருப்பு' என்று எழுதுகிறோம். எளிய சொல்தான், உடனே புரிகிறது. ஆனால் இருப்பு என்றதும் கிடங்கில் அடுக்கிய சரக்கு மனதில் வந்துவிடுகிறது. தீர்ந்துபோனால் வேறு எங்கிருந்தாவது வரவழைக்கலாம் என்ற எண்ணமும் கூடவே வருகிறது. கடல் மீனை அப்படி வரவழைக்க முடியாது.

பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டாக்' என்றால் அடிமரம். கிளைகள் பிரியும் இடம் என்பதால் அது வம்சவழியையும் குறித்தது. பிறகு வணிகரின் முதல், சரக்கு என்ற பொருள்களும் சேர்ந்தன. மீன்வள அறிவியலில் அதன் பொருள் வம்சத்துக்குத்தான் நெருக்கம்: ஒரு கடற்பகுதியில் தமக்குள் இனம்பெருக்கி, பக்கத்துக் கூட்டத்தோடு அதிகம் கலக்காமல் வாழும் ஓர் இனத்தின் மீன்தொகை. ஆகவே ஒரே இன மீனுக்குப் பல இருப்புகள் இருக்கலாம்.

நெய்ச்சாளையைப் பாருங்கள், கேரளத்தில் அதன் பெயர் மத்தி. 2012இல் கேரளக் கரையில் ஏறத்தாழ 4 லட்சம் டன் பிடிபட்டது. 2021இல் கிடைத்தது 3,297 டன். கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு இது. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவும் காரணம், அளவுமீறிப் பிடித்ததும் காரணம் என்றார்கள் ஆய்வாளர்கள். சில பத்தாண்டுகளாகத் தமிழகக் கரையிலும் இந்த மீன் நிறையப் படுகிறது. அதைக் காட்டிக் கேரளத்துக்கு ஆறுதல் சொல்ல முடியாது. கரைவாரியாகக் கணக்குப் போடுவது அதனால்தான்.

சரி, கடலுக்குள் இருப்பதை எப்படி அளப்பது? மீன் இறங்குதளங்களில் மாதிரி எடுக்கிறார்கள்: என்ன படகு, என்ன வலை, எவ்வளவு நேரம் மீன்பிடித்தது, எத்தனை கிலோ, மீனின் நீளம், சினை உண்டா. இவற்றிலிருந்து இறப்பு வீதத்தையும் இருப்பையும் கணிக்கிறார்கள். உழைத்த நேரத்துக்கு மீன்பாடு எவ்வளவு என்பது இதில் முக்கியமான அளவுகோல். ஆனால் அது ஏமாற்றவும் செய்யும். தொகை குறைந்தாலும் மிஞ்சிய மீன்கள் ஓரிடத்தில் கூட்டமாக நெருங்கினால் வலை நிறைந்துதான் வரும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் காட் என்ற குளிர்கடல் மீனுக்கு இதுதான் நடந்தது. 1980களில் பெரிய இழுவைக் கப்பல்களின் மீன்பாட்டை நம்பி இருப்பை மிகையாகக் கணித்தார்கள். மீன் குறைகிறது என்று கரையோரச் சிறு மீனவர்கள் சொன்னது எடுபடவில்லை. 1992 ஜூலையில் காட் பிடிக்கவே தடை வந்தது. ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தார்கள். சிறு படகுக்காரரின் சொல்லுக்கு இடமில்லாத மதிப்பீட்டை நான் முழுதாக நம்பமாட்டேன்.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். அளவை மட்டும் சொல்லும் இடத்தில் 'மீன் இருப்பு' போதும். கருத்தை விளக்கும் இடத்தில் 'மீன்முதல்' என்று எழுதலாம் என்பது என் கருத்து. நம் இலக்கணத்தில் மரம் முதல், கிளை சினை. வியாபாரத்திலும் போட்ட பணம் முதல்தான். அடிமரம், மூலதனம் இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. (மீன் முட்டைக்கும் சினை என்றே பெயர் என்பது கூடுதல் மகிழ்ச்சி.) மீன்வள அறிவியலாளர் மில்னர் ஷேஃபர் 1954இல் கணக்காக எழுதியதும் ஏறக்குறைய இதைத்தான்: ஆண்டுதோறும் பெருகுவதை மட்டும் எடுத்தால் தொகை அப்படியே நிற்கும். அப்படி எடுக்கக்கூடிய அதிகபட்ச அளவை 'உச்ச நிலைத்த விளைச்சல்' என்கிறோம். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையிலும் இந்த அளவுகோல் இடம்பெற்றிருக்கிறது. அதைத் தாண்டிப் பிடித்துக்கொண்டே போனால் முதலுக்கே மோசம்.

அப்படிப் பிடிப்பதை 'மிகை மீன்பிடிப்பு' என்கிறோம். அதில் இரண்டு வகை உண்டு. வளரவேண்டிய குஞ்சை முன்பே வாருவது ஒன்று. எடையில் நட்டம் என்றாலும் சீக்கிரம் திருத்திவிடலாம். கேரளத்தில் மத்திக்கு 10 சென்டிமீட்டர், கானாங்கெளுத்திக்கு 14 சென்டிமீட்டர் என்று குறைந்தபட்ச அளவு வைத்திருப்பது இதற்காகத்தான். சினை மீனை அடியோடு குறைத்துவிடுவது இன்னொன்று. அப்புறம் குஞ்சே வராது. இதுதான் பெரிய ஆபத்து. தமிழகக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளை நிறுத்தி வைக்கும் 61 நாள் தடைக்காலம் சினை மீன்களைக் காக்க வந்தது.