பைக்குள் சுருண்ட வேர்

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வாசலில் வைத்த புங்கங்கன்று நாலைந்து வருடம் தளதளவென்று வளர்ந்ததாம். இப்போது ஒரு பக்கம் மட்டும் இலை பழுத்து உதிர்கிறது. தண்ணீர், தொழுவுரம், வேப்பம்புண்ணாக்கு எல்லாம் கொடுத்தாகிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா திருஷ்டி என்கிறார், பூசணிக்காய் கட்டச் சொல்கிறார்.

பூசணிக்காயைக் கூட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோடைக்கு முன் புங்கம் மொத்தமாக இலை உதிர்ப்பது இயல்புதான், ஒரு பக்கம் மட்டும் உதிர்ப்பது இயல்பில்லை. மரத்தின் அடியைப் பாருங்கள். நல்ல மரம் மண்ணைத் தொடும் இடத்தில் சுற்றிலும் அகன்று விரிந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் விரியாமல் நேரே மண்ணுக்குள் இறங்கினால், அங்கே மண்ணைக் கையால் விலக்குங்கள். தண்டை ஒட்டிக் குறுக்கே ஓடும் தடித்த வேர் ஒன்று தட்டுப்பட வாய்ப்பு அதிகம்.

அந்த வேர் நர்சரியிலேயே அப்படி ஆகிவிட்டது. கருப்புப் பாலிதீன் பையில் வளரும் கன்றின் பக்கவேர் பையின் சுவரில் முட்டும். துளைக்க முடியாது, சுவரை ஒட்டியே திரும்பி ஓடும். கன்று விற்காமல் ஒரு வருடம் கூடுதலாக நின்றால் பைக்குள் முறுக்கு பிழிந்த கதைதான். நட்ட பிறகு சரியாகிவிடாதா என்றால், ஆகாது. வேரில் நீளுவது நுனிப்பகுதி மட்டும். பின்னால் விட்டுவந்த பகுதி இடம் மாறாது, வருடா வருடம் தடிக்க மட்டுமே செய்யும். புது நுனிகள் தோட்டத்து மண்ணுக்குள் போனாலும், பழைய வளையம் வளையமாகவே மரக்கட்டை ஆகும்.

தண்டும் தடிக்கிறது, வேரும் தடிக்கிறது. ஒரு நாள் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. எனக்குப் பிடித்த இடம் இதுதான். மரத்துக்குள் இரண்டு பாதைகள் உண்டு. தண்ணீர் உள்ளே இருக்கும் கட்டை வழியே, சைலத்தில் மேலே ஏறுகிறது. இலை சமைத்த சர்க்கரை பட்டையின் உட்புறமுள்ள மெல்லிய புளோயம் வழியே கீழே இறங்குகிறது. சைலம் இறந்த செல்களாலான கெட்டியான குழாய், அழுத்தத்தை ஓரளவு தாங்கும். புளோயம் உயிருள்ள மென்மையான செல்கள், முதலில் நசுங்குவது அதுதான். அதனால் மேலே தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், இலை பச்சையாகவே இருக்கும். கீழே அந்தப் பக்கத்து வேர்கள் சாப்பாடில்லாமல் மெலியும். வேர் நலிந்து தண்ணீர் உறிஞ்சுவது குறைந்த பிறகுதான், அது ஊட்டிவந்த பக்கத்துக் கிளை வாடும். நாலைந்து வருடம் ஒன்றும் தெரியாமல் போவது இதனால்தான்.

மாதுளையில் விண்பதியம் போட்டவர்களுக்கு, அதாவது கிளையை மரத்திலேயே வேர்விட வைத்தவர்களுக்கு, இது புதிதில்லை. பட்டையை வளையமாக எடுத்துவிட்டாலும் கிளை வாடாது. இறங்க வழியில்லாத சர்க்கரை வெட்டுக்கு மேலே தேங்கும், அங்கே வீங்கி வேர்விடும். இந்த வீக்கத்தை இத்தாலிய அறிஞர் மால்பீகி 17-ஆம் நூற்றாண்டிலேயே சோதித்துப் பார்த்தார்.

பனையை ஆலமரம் கட்டிப்பிடித்து நிற்பதை நம் ஊர்ப்பக்கம் பார்த்திருப்பீர்கள். பனை பல வருடம் அசராது. மற்ற மரங்களைப்போல ஆண்டுதோறும் பருக்க வைக்கும் கேம்பியம் வளையம் அதற்கு இல்லை, உணவுக் குழாய்களும் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. நெரிக்க விளிம்பு ஏது? பெரும்பாலும் ஆலின் நிழல்தான் அதைச் சாய்க்கும். தென்னைக்கும் இந்த வேர்க் கவலை கிடையாது. புங்கம், வேம்பு, பூவரசுக்கு உண்டு.

இன்னொரு ஆபத்து காற்று. நாலா பக்கமும் நீள வேண்டிய வேர் பை அளவிலேயே சுருண்டிருந்தால் மரத்துக்குப் பிடிமானம் இல்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் சாய்த்த மரங்களுக்கெல்லாம் இதுவே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் லட்சம் கன்று நட்டோம் என்று படம் எடுத்துக்கொள்பவர்கள் ஒரு பையையாவது கிழித்து வேரைப் பார்க்கட்டும். உட்புறம் வரிவரியாகப் புடைத்து, அடி திறந்த ரூட் டிரெய்னர் கிண்ணங்கள் இருக்கின்றன. வரிகள் வேரைக் கீழ்நோக்கித் திருப்பும், காற்றில் நீட்டிய நுனி காய்ந்து, பின்னாலிருந்து புதுப் பக்கவேர்கள் கிளைக்கும். கன்றுக்குச் சில ரூபாய் கூடுதலாகும். அந்தச் செலவுக்குத்தான் டெண்டரில் இடமில்லை, கன்றின் உயரத்துக்கு மட்டும் இருக்கிறது.

புதிதாக நடுபவர்கள் பையை முழுதாகக் கழற்றுங்கள், அடியை மட்டும் கீறி நடுவது போதாது. வேர்ப்பந்தின் வெளிச்சுற்றை ஓர் அங்குலம் சுற்றிலும் சீவிவிடுங்கள். சுருண்ட வேரை வெட்டப் பயப்பட வேண்டாம், இளங்கன்று புது வேர் விட்டுக்கொள்ளும். தண்டு விரியும் இடம் மண்மட்டத்தில் இருக்கட்டும், அதற்கு மேல் மண் ஏற்றாதீர்கள்.

தாம்பரத்து நண்பருக்கு: குறுக்கே ஓடும் வேரை உளியாலோ சிறு ரம்பத்தாலோ, தண்டின் பட்டையில் படாமல் வெட்டி எடுங்கள். தண்டுக்குள் புதைந்துபோயிருந்தால் பிடுங்க வேண்டாம். இரு முனைகளையும் துண்டித்துவிட்டு நடுத்துண்டை அங்கேயே மக்க விடுங்கள். புரட்டாசிக் கடைசியில், முதல் மழை பெய்த பிறகு செய்வது நல்லது. இரண்டு மூன்று வேர் சுற்றியிருந்தால் இந்த வருடம் ஒன்று, அடுத்த வருடம் இன்னொன்று.