850-இல் எழும் கோடு யாருடையது?

லேசர் ஒளி மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும்போது அவற்றின் அதிர்வுகள் கோடுகளாகப் பதிவாவதே ராமன் நிறமாலை; ஒவ்வொரு கோட்டின் இடத்தையும் அலை எண்ணால் (செ.மீ⁻¹) குறிப்போம். இழை வைரஸ்களை அதில் ஆராயத் தொடங்கிய புதிதில், 850-ஐ ஒட்டிய ஒரு கோட்டை நம்பிப் பல வாரங்களை இழந்தேன். இன்று ஆய்வகத்துக்கு வரும் இளையவர்களும் அதே இடத்தில் இடறுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எஃப்டி, எம்13 இரண்டும் ஈ.கோலை பாக்டீரியாவைத் தொற்றும் இழை ஃபேஜ்கள், அதாவது நூல்போன்ற பாக்டீரியா வைரஸ்கள். தடிமன் 6 அல்லது 7 நானோமீட்டர்தான். நீளமோ ஒரு மைக்ரோமீட்டரை நெருங்கும். உள்ளே ஏறத்தாழ 6,400 நியூக்ளியோடைடுகள் கொண்ட ஒற்றை இழை டிஎன்ஏ வளையம் இருக்கிறது. அதன்மேல் 50 அமினோ அமிலங்களால் ஆன சிறு உறைப்புரதம், சுமார் 2,700 பிரதிகளாக, மீன் செதில்போல் படிந்திருக்கிறது.

இந்த வைரஸைச் சிதைக்காமல் நீரிலேயே வைத்து ஆராயலாம் என்பதுதான் ராமன் முறையின் பெரும் பலம். அகச்சிவப்பு நிறமாலையில், நீர் 1640 என்ற அலை எண்ணுக்கு அருகே வலுவாக உறிஞ்சிப் புரதச் சங்கிலியின் மடிப்பைக் காட்டும் அமைடு-1 பட்டையை மறைத்துவிடும். ராமனில் நீரின் குரல் மெல்லியது. எஃப்டியின் அமைடு-1 பட்டை 1650-ஐ ஒட்டித் தெளிவாக எழுகிறது. உறைப்புரதம் ஏறக்குறைய முழுவதும் ஆல்ஃபா சுருள் என்று அது காட்டுகிறது.

உறைப்புரதத்தில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலம் இன்னும் சுவையானது. வழக்கமாக அது 850, 830 என இரட்டைக் கோடுகளைத் தரும். அவற்றின் வலிமை விகிதம், டைரோசினின் ஹைட்ராக்சில் தொகுதி ஹைட்ரஜன் பிணைப்பில் இருக்கிறதா என்பதைச் சொல்லும். எஃப்டியில் 850-ஐ ஒட்டிய கோடு மட்டும் ஓங்கி நிற்க, 830 ஏறத்தாழ மறைந்துபோகிறது. அதாவது, அந்தத் தொகுதி பிணைப்பின்றி, நீர் எட்டாத சூழலில் இருக்கிறது. ஒரு கோட்டின் உயரத்திலிருந்து இவ்வளவு நுட்பமான செய்தி கிடைப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

சிக்கலும் அங்கேதான். ஃபேஜை வீழ்படிவாக்க எல்லோரும் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பாலிமரைச் சேர்க்கிறோம். அதன் வலுவான ராமன் கோடுகள் 840 முதல் 860 வரையிலான பகுதியில் விழுகின்றன. கொஞ்சம் எஞ்சினாலும் டைரோசின் விகிதம் கெட்டுவிடும். 1480 பக்கமும் அதற்குக் கோடு உண்டு. டிஎன்ஏவின் காரங்களான குவானின், அடினின் கோடுகளின் இடமும் அதுவே. ஆக, புரதத்தையும் டிஎன்ஏவையும் ஒருசேரத் தவறாகப் படிப்போம். நான் படித்ததும் அப்படித்தான்.

புறஊதா அளவீடு இதைக் காட்டிக்கொடுக்காது. 269 நானோமீட்டர் உறிஞ்சலிலிருந்து 320-இல் உள்ள மதிப்பைக் கழித்து ஃபேஜின் செறிவைக் கணக்கிடுகிறோம். இந்தப் பாலிமரோ அங்கே உறிஞ்சுவதே இல்லை. எண் சரியாக வரும், மாதிரி மட்டும் அழுக்காக இருக்கும். எனவே சீசியம் குளோரைடு அடர்த்திப் படிநிலையில் சுத்திகரித்து, டயாலிசிஸ் செய்து, கடைசி டயாலிசிஸ் கரைசலின் நிறமாலையையும் தனியே எடுங்கள். 1280-ஐ ஒட்டி இந்தப் பாலிமரைக் காட்டும் கோடு தெரிந்தால் மறுபடி சுத்திகரியுங்கள். இதில் சலுகையே கூடாது.

டிஎன்ஏ பற்றிப் பேசும்போது இரட்டிப்புக் கவனம் தேவை. வைரஸின் எடையில் அது 12 சதவீதம் அளவே. அதன் கோடுகள் பெரும்பாலும் புரதக் கோடுகளின் நிழலில் கிடக்கின்றன. 257 நானோமீட்டர் லேசரால் ஒத்ததிர்வு ராமன் (காரங்கள் உறிஞ்சும் ஒளியிலேயே அளப்பது) எடுத்தால் டிஎன்ஏ காரங்களின் கோடுகள் பெருகி மேலெழும். ஆனால் அதே ஒளி மாதிரியைச் சேதப்படுத்தவும் செய்யும். மாதிரியை ஓடவிட்டோ சுழலவிட்டோ அளந்து, முதல் நிமிட நிறமாலையையும் கடைசி நிமிட நிறமாலையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் அந்தத் தரவை ஒதுக்கிவிட்டுப் புதிய மாதிரியோடு தொடங்குங்கள்.