மடிப்புக்குள் தங்கும் ஈரம்

நடவு வயலிலிருந்து கரையேறும் கால்களைப் பார்த்தவர்களுக்குச் சேற்றுப்புண் தெரியும். விரலிடுக்கில் தோல் ஊறி, வெளுத்து, வெடித்திருக்கும். அக்குளிலும் தொடையிடுக்கிலும் மார்பகத்துக்கு அடியிலும் அடிவயிற்று மடிப்பிலும் வரும் புண்ணுக்கும் அடிப்படை அதேதான். ஆனால் காலில் வந்தால் மருதாணி அரைத்துப் பூசிக்கொண்டு நாலு பேரிடம் சொல்கிறோம். மார்புக்கடியில் வந்தால் பெண்கள் மாதக்கணக்கில் மறைக்கிறார்கள், ஏதோ சுத்தமில்லாததால் வந்துவிட்டது போல.

சுத்தத்துக்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை. தோலின் மேலடுக்கு, வேய்ந்த ஓடுகள் போல நெருங்கிக் கிடக்கும் இறந்த செல்களால் ஆனது. வியர்வை அதன்மேல் வந்து காற்றில் உலர வேண்டும். இரு தோல்கள் ஒட்டிக்கிடக்கும் இடத்தில் காற்று ஏது? கடலோர ஊர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். தேங்கிய வியர்வையில் அந்த அடுக்கு ஊறி உப்புகிறது. காய்ந்த தோலைவிட ஈரத்தோல்தான் அதிகம் உரசும்; நடக்க நடக்க உரிந்து எரிகிறது.

தோலின் பிஎச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) பொதுவாக 4.5 முதல் 5.5 வரை. இந்த இலேசான புளிப்புத்தன்மை கிருமிகளுக்குப் பிடிக்காது. மடிப்புகளில் இந்தப் புளிப்பு குறைவு. சோப்பு இன்னும் குறைக்கும். அழுக்கு என்று நினைத்து நாரால் தேய்ப்பவர்களுக்குப் புண் ஆறாததன் காரணம் இதுதான்.

அடுத்து நுழைவது பெரும்பாலும் கேண்டிடா என்ற பூஞ்சை. பளிச்சென்ற சிவப்பும், அதன் ஓரத்தைத் தாண்டிச் சிதறிய சின்னச் சின்னக் கொப்புளங்களும் அதன் அடையாளம். விளிம்பு மட்டும் தடித்து வளையமாகப் பரவினால் படர்தாமரை. பழுப்பேறிய சிவப்புத் திட்டாக, அரிப்பு அதிகமில்லாமல் இருந்தால் ஒரு பாக்டீரியாவாக இருக்கலாம். அது சுரக்கும் நிறமி, மருத்துவரின் புற ஊதா விளக்கில் பவளச் சிவப்பாக ஒளிரும். அன்று காலை அந்த இடத்தை நன்றாகக் கழுவிவிட்டுப் போனால் நிறமியும் போய்விடும், விளக்கில் ஒன்றும் தெரியாது!

தொடக்க நிலையில் ஈரத்தை எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. குளித்ததும் துண்டால் ஒற்றியெடுத்து, மடிப்பைத் தூக்கிப் பிடித்துச் சில நிமிடம் மின்விசிறிக் காற்றில் காட்டுங்கள். பிறகு துத்தநாக ஆக்சைடு களிம்பு மெல்லிசாகப் போதும். இடையில் பருத்தித் துணி வைத்தால் அதன் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். நனைந்ததும் மாற்றிவிட வேண்டும். பவுடர் வியர்வையில் கட்டிதட்டி மணல்போல் உரசும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மருந்துக்கடையில் 'அரிப்பு கிரீம்' என்று கேட்டு வாங்குவதுதான் என்னை மிகவும் கவலைப்படுத்துவது. அவற்றில் பலவற்றில் குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும். மடிப்புத் தோல் மெல்லியது, மூடியே கிடப்பது. மருந்தை அதிகமாக உறிஞ்சும். இரண்டே நாளில் சிவப்பு அடங்கும். பூஞ்சையோ உள்ளே பரவிக்கொண்டிருக்கும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து வரிவரியாகக் கீறல்கள் விழும், அவை முழுதாக மறைவதில்லை.

பூஞ்சைக்குக் குளோட்ரிமசோல் போன்ற மருந்து உண்டு. அரிப்பு நின்றதும் நிறுத்தாமல், மருத்துவர் சொன்ன நாள்வரை போட வேண்டும். திரும்பத் திரும்ப வந்தால் இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். சீழ், காய்ச்சல், பரவும் வீக்கம் என்றால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

படுக்கையில் இருக்கும் பெரியவர்கள் கூச்சத்தில் எதுவும் சொல்லமாட்டார்கள். உடம்பு துடைத்துவிடும்போது, "கொஞ்சம் தூக்கிப் பார்க்கட்டுமா பாட்டி?" என்று நாமே கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.