ஜட்லாண்டில் திறந்து கிடந்த கதவுகள்

வெடிமருந்தும் தீப்பற்றும் ரசாயனங்களும் புழங்கும் ஆலைகளில் பாதுகாப்புத் தணிக்கை செய்வது என் தொழில். பயிற்சி வகுப்பில், வேகத்துக்காகப் பாதுகாப்பு ஏற்பாட்டை ஒதுக்கிவைப்பது பற்றிய ஒரு பாடத்துக்கு மட்டும் நம்மூர் விபத்து எதையும் உதாரணமாக எடுக்க மாட்டேன். எடுத்தால் ‘அந்த யூனிட்டுல அப்படித்தான் சார், நாங்க அப்படி இல்ல’ என்று யாராவது நழுவிவிடுவார்கள். அதனால் நேரே 1916-க்குப் போய்விடுவேன். அங்கே போனால் யாருக்கும் ரோஷம் வராது.

1916 மே 31, முதல் உலகப் போர். டென்மார்க்கின் ஜட்லாண்ட் கரைக்கு அப்பால், வட கடலில் பிரிட்டிஷ் கடற்படையும் ஜெர்மன் கடற்படையும் மோதிக்கொண்டன. மாலை 4 மணி தாண்டியதும் இன்டிஃபேட்டிகபிள் என்ற பிரிட்டிஷ் கப்பல் வெடித்துச் சிதறியது. அரைமணி நேரம்கூட ஆகவில்லை, குயின் மேரி வெடித்தது. ஆறரை மணிவாக்கில் இன்வின்சிபிள் இரண்டாகப் பிளந்தது. மூன்றிலும் சேர்த்து 3,300 பேருக்கு மேல் இருந்தார்கள். பிழைத்தவர்கள் 30 பேர் அளவில்தான். குயின் மேரி போனதைப் பார்த்த, அந்தக் கப்பல் பிரிவை நடத்திய பிரிட்டிஷ் தளபதி பீட்டி, இன்றைக்கு நம் கப்பல்களுக்கு என்னவோ கோளாறு என்று பக்கத்தில் நின்ற கேப்டனிடம் சொன்னது பிரசித்தம். கோளாறு இருந்தது உண்மைதான். ஆனால் அது அன்றைக்கு வந்த கோளாறு இல்லை.

அந்தக் காலத்துக் கப்பல் பீரங்கி எப்படி வேலை செய்தது என்று தெரிந்தால்தான் மிச்சக் கதை புரியும். 1914 செப்டம்பரில் சென்னை மீது குண்டு வீசிய எம்டனை நமக்கெல்லாம் தெரியும். அதன் பீரங்கி 10.5 சென்டிமீட்டர், குண்டு ஒன்றின் எடை சுமார் 17 கிலோ. ஒரு ஆள் தூக்கிவிடலாம். குயின் மேரியின் பீரங்கியோ 13.5 அங்குலம், குண்டின் எடை 635 கிலோ. அதைத் தள்ளி அனுப்ப ஒவ்வொரு முறையும் 130 கிலோவுக்கு மேல் கார்டைட் வேண்டும். கார்டைட் என்பது நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் சேர்ந்த உந்துமருந்து. அதை நான்கு பட்டுப் பைகளில் கட்டி வைத்திருப்பார்கள். சட்டென்று பற்றிக்கொள்வதற்காகப் பையின் நுனியில் கொஞ்சம் கரிமருந்தும் வைத்துத் தைத்திருப்பார்கள். பட்டுத் துணி ஏனென்றால், சுட்ட பிறகு குழலுக்குள் கனலும் துணுக்கு எதையும் மிச்சம் வைக்காமல் எரிந்துபோகும்.

கப்பலின் மேல்தளத்தில் நமக்குத் தெரிவது பீரங்கிக் கூண்டு மட்டும். அதன் அடியில் ஒரு வேலை அறை. அதற்கும் கீழே, கப்பலின் வயிறு வரை இறங்கும் ஒரு குழாய், அதற்குள் லிஃப்ட். அடியில் மருந்து எடுத்துக்கொடுக்கும் அறை, அதை ஒட்டி மருந்துக் கிடங்கு. கிடங்குக்குக் கனமான கதவு உண்டு. மருந்துப் பைகளை உலோகப் பெட்டிகளில் மூடித்தான் வைத்திருப்பார்கள். ஒரு சுற்றுக்குத் தேவையானதை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து, மேலே அனுப்பிவிட்டு, அப்புறம்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும் என்பது விதி. வடிவமைத்தவர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. மேலே தீப்பிடித்தால் கீழே போகக்கூடாது என்று யோசித்துத்தான் கதவும் பெட்டியும் வைத்தார்கள்.

பிறகு வந்தது வேக வெறி. 1914 டிசம்பர் 8-ம் தேதி பால்க்லாந்து தீவுகளுக்கு அருகே இரண்டு ஜெர்மன் கப்பல்களை மூழ்கடிக்க இன்வின்சிபிளும் இன்ஃப்ளெக்சிபிளும் சேர்ந்து 1,100-க்கும் மேற்பட்ட 12 அங்குலக் குண்டுகளைச் சுட்டுத் தீர்த்தன. ஓடும் கப்பலிலிருந்து ஓடும் கப்பலைப் பல கிலோமீட்டர் தள்ளிச் சுட்டால் 100-க்கு மூன்று பட்டாலே பெரிய விஷயம். ஜட்லாண்டிலும் அதே கதைதான். பிரிட்டிஷார் சுட்ட பெரிய குண்டுகள் சுமார் 4,500, ஜெர்மானியர் சுட்டவை சுமார் 3,600. இலக்கில் பட்டவை இரு தரப்பிலும் நூற்றுச் சொச்சம்தான். குறி சரியாக விழவில்லை என்றால் இரண்டு வழி: ஒன்று குறியைத் திருத்துவது, இன்னொன்று நிறையச் சுடுவது. பீட்டியின் படை இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது. நிமிடத்துக்கு எத்தனை குண்டு என்பதே திறமையின் அளவுகோல் ஆனது.

நிமிடக் கணக்கு வந்த பிறகு அந்தக் கதவு தடையாகத் தெரிய ஆரம்பித்தது. திறந்தே வைத்தார்கள். பெட்டி மூடி தடை. முன்கூட்டியே கழற்றி வைத்தார்கள். ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுப்பது தாமதம். பைகளைக் கிடங்குக்கு வெளியே, எடுத்துக்கொடுக்கும் அறையில் அடுக்கி வைத்தார்கள். ஆலைகளில் நான் பார்ப்பதும் அச்சு அசல் இதேதான். ஒரு அறையில் இத்தனை கிலோ மருந்து, இத்தனை ஆள் என்று உரிமத்தில் எழுதியிருக்கும். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது போய்ப் பாருங்கள். கலவை வாசல்படி தாண்டி வராந்தாவுக்கு வந்திருக்கும். கேட்டால் ‘நடந்து நடந்து எடுத்துட்டு வர நேரம் ஆகுதுங்க’ என்பார்கள். பொய் இல்லை, நிஜமாகவே நேரம் ஆகும்.

எச்சரிக்கை வரவில்லையா என்றால், வந்தது, அதுவும் ஒன்றுக்கு மூன்றாக. அதே பால்க்லாந்து சண்டையில் கென்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலில் பீரங்கி அறை ஒன்றில் குண்டு விழுந்து மருந்து பற்றியது. தீ நாக்கு ஏற்றுவழியாகக் கீழே பாய்ந்தது. சார்ஜண்ட் சார்ல்ஸ் மேயஸ் என்பவர் மருந்துப் பையைத் தூக்கி எறிந்து, குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்துக் கப்பலைக் காப்பாற்றினார். அவருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். அவர் ஏன் அப்படி ஓட வேண்டி வந்தது என்ற கேள்வி பதக்கத்தோடு முடிந்துபோனது. நம் தொழிலில் இதை ‘நியர் மிஸ்’ என்போம். மயிரிழையில் தப்பியவனைப் பாராட்டிவிட்டு ரிப்போர்ட்டை மூடிவைப்பது இன்றைக்கும் நடக்கிறது.

அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, 1914 நவம்பர் 26 அன்று, இங்கிலாந்தின் ஷீர்னஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டு நின்ற புல்வார்க் கப்பல் எதிரி யாரும் இல்லாமலேயே வெடித்து 700 பேருக்கு மேல் இறந்தார்கள். கார்டைட் பைகளைக் கிடங்குக்கு வெளியே, பாய்லர் அறையை ஒட்டிய நடைவழியில் அடுக்கியிருந்தார்கள் என்பது விசாரணையில் தெரிந்தது.

மூன்றாவது எச்சரிக்கை எதிரிக்கு வந்தது. 1915 ஜனவரி 24, டாகர் பேங்க் சண்டை. ஜெர்மன் கப்பலான சீட்லிட்ஸின் பின்புறக் கூண்டில் பிரிட்டிஷ் குண்டு ஒன்று இறங்கியது. தீ கீழே பாய்ந்தது. கீழே இருந்தவர்கள் தப்பிக்கப் பக்கத்துக் கூண்டுக்குப் போகும் கதவைத் திறக்க, தீயும் அதே வழியாகப் போனது. இரண்டு கூண்டுகளும் கருகின. சுமார் 160 பேர் இறந்தார்கள். பழுக்கக் காய்ந்த வால்வைக் கையால் திருகிக் கிடங்குக்குள் தண்ணீர் விட்டார் ஹைட்காம்ப் என்ற மாலுமி. கப்பல் பிழைத்தது. வீடு திரும்பிய ஜெர்மானியர்கள் உட்கார்ந்து யோசித்து, கிடங்குக்கு வெளியே கிடக்கும் மருந்தைக் குறைத்தார்கள், தீ இறங்கும் வழிகளை அடைத்தார்கள். பிரிட்டிஷார் அதே சண்டையிலிருந்து கற்றது: இன்னும் வேகமாகச் சுட வேண்டும்.

இங்கே ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். ஜெர்மானியருக்கு வேறு அனுகூலங்களும் இருந்தன. மருந்தின் பெரும்பகுதியைப் பித்தளை உறைக்குள் வைத்திருந்தார்கள். அவர்களுடைய மருந்தும் கார்டைட்டை விட அடக்கமாக எரியும் வகை. ஜட்லாண்டில் டெர்ஃப்லிங்கர் கப்பலின் பின்பக்கக் கூண்டுகள் இரண்டும் எரிந்து ஏராளமானோர் இறந்தார்கள்; ஆனாலும் கிடங்கு வெடிக்கவில்லை. 20-க்கு மேற்பட்ட பெரிய குண்டுகளும் ஒரு டார்பிடோவும் பட்ட சீட்லிட்ஸ் முக்கால்வாசி மூழ்கிய நிலையில் ஊர் போய்ச் சேர்ந்தது. பிரிட்டிஷ் குண்டுகளில் பல கவசத்தைத் துளைத்து உள்ளே போகாமல் மேலேயே உடைந்தன அல்லது வெடித்தன என்பதும் இதற்கு ஒரு காரணம். அந்தக் குறை 1918-ல்தான் தீர்ந்தது.

மூழ்கிய கப்பல்களில் அந்த நொடி எந்தக் கதவு திறந்திருந்தது என்று சாட்சி சொல்ல ஆள் மிஞ்சவில்லை. ஆனால் லயன் கப்பல் மிஞ்சியது. குயின் மேரியின் கிட்டத்தட்ட சகோதரிக் கப்பல் அது. அதே அளவு பீரங்கி, அதே தடிமன் கவசம். பீட்டியே அதில்தான் இருந்தார். நான் வகுப்பில் அதிக நேரம் நிற்பது இங்கேதான்.

மாலை 4 மணிக்கு லயனின் நடுக் கூண்டில் ஜெர்மன் குண்டு இறங்கி, முன்பக்கக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. உள்ளே இருந்தவர்கள் இறந்தார்கள் அல்லது படுகாயப்பட்டார்கள். சாகும் தறுவாயில் அந்தக் கூண்டின் அதிகாரி மேஜர் ஃபிரான்சிஸ் ஹார்வி கிடங்குக்குள் தண்ணீர் விடச் சொன்னார். இறந்த பின் அவருக்கு பிரிட்டனின் உச்ச வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. மேலே நெருப்பு கனன்றுகொண்டே இருந்து, கிட்டத்தட்ட அரைமணி நேரம் கழித்து ஒரு மருந்துப் பையைப் பிடித்தது. அந்தப் பிழம்பு குழாய் வழியாக அடிவரைக்கும் பாய்ந்து, கீழே நின்றவர்களை நின்ற இடத்திலேயே கொன்றது. கிடங்கின் சுவர்த் தகடுகள் அந்த அழுத்தத்தில் உள்நோக்கி வளைந்தன. ஆனால் கதவு மூடியிருந்தது, உள்ளே தண்ணீர் இருந்தது.

கதவு ஏன் மூடியிருந்தது? அலெக்சாண்டர் கிரான்ட் என்பவரால். லயனின் தலைமை கன்னர், அதாவது பீரங்கி மருந்துக்குப் பொறுப்பாளர். பெரிய அதிகாரி இல்லை, கீழிருந்து வந்தவர். டாகர் பேங்க் சண்டைக்குப் பிறகு 1915-ல் கப்பலுக்கு வந்ததும் கிடங்குகளைப் பார்த்துத் திடுக்கிட்டார். ஒரு கிடங்குக்கு ஒரு கதவு மட்டும் திறந்திருக்கலாம், வெளியே ஒரு சுற்று மருந்துக்கு மேல் இருக்கக்கூடாது, தேவைப்படும் வரை பெட்டி மூடியைக் கழற்றக்கூடாது என்று பழைய விதிகளைத் திரும்பக் கொண்டுவந்தார். பீரங்கி வேகம் குறையும் என்று முணுமுணுத்தவர்களிடம், குறையாது என்று ஒத்திகை வைத்துக் காட்டினார். ‘அதிகாரம் இல்லை சார், சொன்னால் கேட்க மாட்டாங்க’ என்று என்னிடம் சொல்லும் சூப்பர்வைசர்கள் எல்லோருக்கும் கிரான்ட்டின் கதையைத்தான் சொல்கிறேன். கட்டளையை விட ஒத்திகைதான் அவருக்கு உதவியது.

போருக்குப் பின் நடந்த பழிபோடும் சண்டையை நீட்டிச் சொல்ல விருப்பமில்லை. வடிவமைப்பாளர்கள் மருந்தைக் கையாண்ட விதத்தைக் காட்டினார்கள். கடலில் இருந்த அட்மிரல்கள் கவசம் மெல்லிசு என்றார்கள். கவசமும் கூட்டப்பட்டது, கதவுகளும் திருத்தப்பட்டன. கவசத்தைக் குறை சொன்னால் எந்த மனிதனும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதால் அந்த விளக்கம் நீண்ட நாள் ஓடியது என்பது என் கணிப்பு.

அடுத்த தலைமுறைக் கப்பல்களில் கதவை மனிதர்கள் கையில் விடவில்லை. ஒரு கதவு மூடினால்தான் அடுத்தது திறக்கும்படி இன்டர்லாக் வைத்தார்கள். கிங் ஜார்ஜ் V வகைக் கப்பல்களின் 14 அங்குலக் கூண்டுகளில் இது உச்சத்துக்குப் போனது. 1941 மே 24 அன்று டென்மார்க் நீரிணையில் ஜெர்மன் கப்பல் பிஸ்மார்க்கோடு மோதியபோது பிரிட்டிஷ் கப்பல் ஹூட் வெடித்து 1,418 பேரில் மூவர் மட்டும் மிஞ்சினார்கள். பக்கத்தில் இருந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் புத்தம்புதுக் கப்பல். பீரங்கி செய்த நிறுவனத்தின் ஆட்கள் இன்னும் கப்பலிலேயே இருந்து கூண்டுகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். சண்டை நடுவே அதன் பீரங்கிகள் மாறி மாறி மாட்டிக்கொண்டன. மூன்று நாள் கழித்து பிஸ்மார்க்கை முடித்த சண்டையில் கிங் ஜார்ஜ் V-இன் கூண்டுகளும் அப்படியே மக்கர் செய்தன. தீ இறங்காமல் இருக்க வைத்த ஏற்பாடுகளின் சிக்கலுக்கும் இதில் பங்கு உண்டு.

தணிக்கைக்குப் போகும் இடத்தில் இன்டர்லாக் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் பதில் வரும். நான் அதைக் கேட்பதில்லை. ஷிஃப்ட் முடிந்து டீ குடிக்கும் ஆபரேட்டரிடம் போய், ‘இது வாரத்துக்கு எத்தனை தடவை மாட்டிக்கும்?’ என்று கேட்பேன். ‘தினமும் ரெண்டு மூணு தடவை’ என்றால், சென்சாரை ஏமாற்ற அதன் பக்கத்தில் சொருகி வைத்திருக்கும் அட்டைத் துண்டைத் தேட ஆரம்பிப்பேன். பெரும்பாலும் இருக்கும். ரிப்போர்ட்டில் ஆபரேட்டர் பெயரை எழுதுவதில்லை. மெயின்டனன்ஸுக்கு எப்போது கடைசியாகப் புகார் போனது, அதற்கு என்ன செய்தார்கள் என்ற தேதிகளைத்தான் எழுதுகிறேன்.