வாஷர் பத்து ரூபாய், கூலி முந்நூறா?

"ஏனுங்ண்ணா, பத்து ரூவா வாஷரு, மாட்டறதுக்கு முந்நூறுங்களா?" கோவையில் என்னைப் போல் பிளம்பிங் வேலைக்குப் போகிற யாரும் கேட்டுப் பழகிய கேள்வி. கேட்பதில் தப்பே இல்லை. சிங்காநல்லூரிலிருந்து வடவள்ளிக்கு வண்டியை ஓட்டி வந்து, கால் மணி நேர வேலையை முடித்துத் திரும்பினால் அரை நாள் போய்விடும். எவ்வளவு சின்ன வேலையானாலும் 200, 300 ரூபாய்க்குக் குறையாமல் கேட்பது அதனால்தான்.

உண்மையில் செலவை ஏற்றுவது இரண்டாவது நடை. போனில் "பைப்பு ஒழுகுதுங்க" என்று மட்டும் சொன்னால் எந்தச் சாமானை எடுத்து வருவது? குழாயின் வாயில் சொட்டினால் வாஷரோ, கார்ட்ரிட்ஜோ (உள்ளே தண்ணீரைத் திறந்து மூடுகிற பாகம்) போயிருக்கும். கைப்பிடிக் கழுத்தில் கசிந்தால் கோளாறு ஸ்பிண்டிலில், அதாவது கைப்பிடியோடு சுழலும் தண்டில். சுவரை ஒட்டிக் கசிந்தால் பெரும்பாலும் மரையில் டெஃப்லான் டேப் சுற்றினாலே போதும். ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, போர் தண்ணி லைனா, நல்ல தண்ணி லைனா என்பதையும் சொல்லிவிடுங்கள். சிறுவாணித் தண்ணீரில் வருஷக்கணக்கில் உழைக்கிற குழாய், போர் தண்ணீரில் உப்புப் படிந்து சீக்கிரமே இறுகிவிடும். அந்த லைனுக்கு விலை உயர்ந்த குழாய் வேண்டாம் என்பேன். உள்ளூர்க் கடையில் கார்ட்ரிட்ஜ் கிடைக்கிற குழாயாக வாங்குங்கள்.

கூலியைவிடப் பயப்பட வேண்டியது சுவர் உடைப்புக்குத்தான். உடைத்தால் கொத்தனார் கூலி தனி, பழைய டைல்ஸ் அதே நிறத்தில் கிடைக்காத தலைவலி தனி. அதனால் உடைக்கும் முன் ஒரு சோதனை. இரவு மேல்தொட்டி அடியிலுள்ள கேட் வால்வை மூடி, நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் கோளாறு தொட்டியிலோ வால்விலோ. அடுத்த இரவு வால்வைத் திறந்து, எல்லாக் குழாயையும் அடைத்துவிட்டுப் பாருங்கள். அப்போது மட்டும் இறங்கினால் லைனில் கசிவு. அதிலும் முதலில் ஃப்ளஷ் டேங்கைச் சந்தேகப்படுங்கள். கொஞ்சம் கேசரிப் பவுடரை அதில் கரைத்து அரை மணி நேரம் விடுங்கள் (சாயத்துக்கா நம்ம பக்கம் பஞ்சம்!). ஃப்ளஷ் செய்யாமலே கோப்பையில் நிறம் இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்திருக்கிறது. சுவரைத் தொடவே வேண்டாம்.

உடைத்தே ஆக வேண்டுமென்றால், பூசும் முன் பிரஷர் டெஸ்ட் (லைனில் தண்ணீரை அழுத்தி ஏற்றிக் கசிவு பார்ப்பது) செய்யச் சொல்லி, பைப் போகிற பாதையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கீசர் லைனுக்குச் சாதாரண பிவிசி ஆகாது, சூட்டில் இளகிவிடும். ஐஎஸ் 15778 என்ற தர முத்திரை உள்ள, சூடு தாங்கும் சிபிவிசி பைப்தான் வேண்டும்.

கூலி மட்டுமா, சாமானும் சேர்த்தா என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். சில கடைகள் எங்களுக்குக் கமிஷன் தருவது ஊரறிந்த சங்கதி. பட்டியலை எழுதி வாங்கி, நீங்களே போய் பில்லோடு வாங்கலாம். நியாயமான ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார். கழற்றிய பித்தளைக் குழாயையும் கேட்டு வாங்கி வையுங்கள், பழைய சாமான் கடையில் எடைக்குப் போகும்.